ரொட்டி டின்னும் புஸ் மிஷினும்

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகிப் பனமலையிலிருந்து செஞ்சிக்கு வந்தேன். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. பாலில் தொட்டுக் கொடு என்று டாக்டர் சொன்னால்தான் கடைக்கு ஆள் வரும். நான் வாழ்க்கைப்பட்டதோ ரொட்டிக்கடைக்காரருக்கு. "ஊருக்கெல்லாம் காய்ச்சல் வந்தாத்தான் எங்க அக்கா வூட்ல ஒல கொதிக்கும்" என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் வாய் அப்படி. என் வாயும் அப்படித்தான். ஆனால் புகுந்த வீட்டில் அதைத் திறக்க இடமில்லாமல் போயிற்று.

வீடு கடைத்தெருவில். முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்பக்கம் ஓடு வேய்ந்த கொட்டகையில் ரொட்டி அடுப்பு. சமையற்கட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். கொட்டகையில் யாராவது இருமினால் சமையற்கட்டில் கேட்கும். மாமனார், மாமியார், கல்யாணமாகாத கொழுந்தனார்கள் என்று வீட்டில் எப்போதும் ஆள். பெரியவர்கள் காதுபடப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே பழக்கம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, ஆனாலும் கூடாது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "தண்ணி" என்பார். நான் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் மாவு பிசையப் போய்விடுவார். மாவு பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று பாதி நாள் படுக்கையும் மாவுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே. எனக்குச் சக்களத்தி யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், மைதா மாவு என்று சொல்லியிருப்பேன்.

எங்களுக்குப் பேச வழி செய்து கொடுத்தது எண்ணெய்தான். ரொட்டி வேகிற டின்னில் மாவை வைப்பதற்கு முன்னால் உள்பக்கமெல்லாம் எண்ணெய் தடவ வேண்டும். தடவாவிட்டால் ரொட்டி டின்னோடு ஒட்டிக்கொண்டு, தட்டினால் பாதி வெளியே வரும், பாதி வரமாட்டேன் என்னும். அந்த வேலையை அதுவரை மாமியார்தான் செய்துகொண்டிருந்தார். நான் வந்த கொஞ்ச நாளில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தா, சும்மா குந்திகினு இருக்காத. போயி டின்னுக்கு எண்ண தடவிக் குடு" என்றார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த மகராசி எனக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறார். இதைப் போல ஒன்று கொடுத்ததில்லை.

மத்தியானம் அடுப்பிலிருந்து முதல் ஈடு ரொட்டி வெளியே வரும். அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் பாண்டிச்சேரிக்காரர், வயதானவர். அவரை மாஸ்டர் என்போம். அவர் முகம் எப்போதும் நெருப்புப் பக்கம், முதுகு எங்கள் பக்கம். அவர் ரொட்டியைத் தட்டி எடுத்துவிட்டு டின்களைப் பின்னால் தள்ளுவார். குச்சியில் துணி சுற்றிக் கடலை எண்ணெயில் தோய்த்து, டின் சூடாக இருக்கும்போதே நான் தடவ வேண்டும். மூலைகளில் துணி போகாது, விரலைத்தான் விட வேண்டும். நான் தடவித் தர, என் வீட்டுக்காரர் மாவை உருட்டி உள்ளே வைப்பார். அடுத்தடுத்து இரண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்போம்.

முதல் நாள் அவர் பேசியது "மூல, மூல" என்பது மட்டும்தான். மூலையை விட்டுவிடாதே என்று அர்த்தம். மறுநாள், பனமலை ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் பேச்சு தானாக வந்தது. சத்தம் மட்டும் வராது, உதட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வோம். அவர் பாண்டிச்சேரியில் வேலை கற்றுக்கொண்ட நாட்களைச் சொல்வார். சாயங்காலம் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே ஜனங்கள் வருவார்கள் என்பார். "சும்மாவா? வேல வெட்டி இல்லியா அவங்களுக்கு?" என்று கேட்பேன். சிரிப்பை அடக்கப் போய் அவருக்குத் தும்மல் வரும். உடனே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "இன்னாடா, சளி புடிச்சிகிச்சா?" என்பார். என் வாய் எப்படிப்பட்டது என்று என் வீட்டுக்காரர் தெரிந்துகொண்டது அந்த முக்காலியில்தான். அவர் வாயாடிப் பெண்டாட்டியை ரசிக்கிறவர் என்று நான் தெரிந்துகொண்டதும் அங்கேதான்.

இதில் விரல் சுடும். சூட்டு டின்னின் மூலைக்குள் விரலை விட்டால் சுடாமல் என்ன செய்யும்? ஒருநாள் கொப்புளம் கிளம்பிவிட்டது. ராத்திரி சோறு பரிமாறும்போது அதை அவர் பார்த்தார். எல்லாரும் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அடுத்த முறை சரக்கு எடுக்க மெட்ராஸுக்குப் போனவர், தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து ஒரு பெரிய ரொட்டி ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் முக்காலியில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அங்க டின்னு தானா வரிசையா வருது. மேலேர்ந்து எண்ண தானா பீச்சுது. ஒரு ஆளு கை வைக்கல" என்றார். பிறகு என் விரலைப் பார்த்துவிட்டு, "நானும் அது மாதிரி ஒண்ணு செஞ்சிடறேன். இனிமே நீ வெரல சுட்டுக்க வேணாம்" என்றார்.

சுட்டால் சுட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எந்த வாயால் சொல்வது? என் வாய் ஊர் வம்புக்கும் கேலிக்கும் பழகியது. உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும் என்று சொல்ல அது பழகவில்லை. அதனால், "செலவாவுமே" என்றேன். "ஆனா ஆவட்டும்" என்றார் அவர்.

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கிற பித்தளைப் பம்பைப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். சைக்கிள் கடைக்காரரோடு சேர்ந்து பல நாள் தட்டி, வளைத்து, பற்ற வைத்து ஒரு மிஷினைச் செய்துவிட்டார். நீளப் பலகை, அதன் இரண்டு பக்கமும் சட்டம், நடுவில் மேலேயிருந்து பம்பின் மூக்கு. கீழே ஒரு சைக்கிள் பிரேக் கட்டை. மாஸ்டர் டின்னைத் தள்ளிவிட்டால் அது பலகையில் வழுக்கிக்கொண்டு போய் பிரேக் கட்டையை முட்டும். உடனே மூக்கு திறந்து "புஸ்" என்று எண்ணெயைப் பீச்சும். டின் தாண்டியதும் தானாக மூடிக்கொள்ளும். முதல் டின்னை வாங்கி மூலையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு மூலையாவது விட்டுப்போயிருக்காதா என்று இன்னொரு டின்னையும் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் எண்ணெய், என்னைவிட நன்றாகவே தடவியிருந்தது.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது, ஊர் வாய். எங்கள் ஊரில் அந்தப் பம்பை எதற்கு வைத்திருப்பார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். "ரொட்டிக்கு மருந்து அடிக்கிறாங்களாம்" என்று கிளம்பிய பேச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கேயிருந்து பஸ் ஏறி வல்லம் வரைக்கும் போயிற்று. கடைப்பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. காய்ச்சல்காரர்கள்கூடக் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். மிஷினைக் கழற்றி வைத்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி ஆசைப்படவும் முடியவில்லை. மாவு வீணாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவர்தான் வந்தார். அவர்கள் ஜைனக் குடும்பம். வாயில் வைக்கிற எதிலும் கொழுப்புக் கலப்பு இருக்கக் கூடாது என்று துருவித் துருவிக் கேட்பவர். அவர் ஒரு பொருளை வாங்கினால் தெருவே நம்பி வாங்கும். நேராகக் கொட்டகைக்குள் வந்து, "இன்னாப்பா பீச்சற, காட்டு" என்றார். என் வீட்டுக்காரர் டின்னுக்குப் பதில் தன் கையை நீட்டினார். புஸ். அதை நக்கிக் காட்டினார். பெரியவர் தன் உள்ளங்கையையும் நீட்டி, மோந்து பார்த்து, தேய்த்துப் பார்த்து, "கடலெண்ணதான்" என்றார். போகும்போது எல்லார் கண்ணுக்கும் படும்படி ஒரு ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். மிஷின் ஜெயித்துவிட்டது.

"இனிமே உனக்கு அங்க இன்னா வேல? வந்து வெங்காயத்த உரி" என்றார் மாமியார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றிலிருந்து மத்தியானங்களில் நான் சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து புஸ், புஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புஸ்ஸும் நான் தடவாத ஒரு டின். வெங்காயம் உரித்ததில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ராஜகிரி மலை தலைமாட்டில் நிற்கிற ஊரில் மத்தியானம் பாறை காய்ந்து அனல் வீசும். அந்த அனலில் அடுப்புப் பக்கத்தில் போய் உட்கார ஏங்கிய பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அவரைப் பார்க்காமல் இல்லை. தண்ணீர் கேட்டார், நான் கொடுத்தேன். சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை நினைத்து இப்படி ஏங்க முடியும் என்று யாராவது அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மல்லாட்டை அறுவடை முடிந்து புது எண்ணெய் வந்த சமயம், மத்தியானத்தில் புஸ் சத்தம் திக்கித் திக்கி நின்றுபோயிற்று. புது எண்ணெயில் கசண்டு அதிகம். அது போய் மூக்கில் அடைத்துக்கொண்டது. அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மிஷின் அடைச்சிகிச்சி. டின்னு காத்துகினு கெடக்குது, வா" என்றார். மாமியார் இருக்கும்போதே. நான் அரிவாள்மணையை மடக்கினேனா என்றுகூட நினைவில்லை. அன்று இருட்டும் வரை எண்ணெய் தடவினேன். பேச வேண்டியது அத்தனை சேர்ந்துபோயிருந்ததால் எதிலிருந்து தொடங்குவதென்று தெரியாமல் டின்னுக்கு மேல் டின்னாகத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவர், "மூல, மூல" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

மறுநாளே மூக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார்கள். மாமியார் எனக்கு ஒரு புது வேலை கொடுத்தார். எண்ணெயை மிஷினில் ஊற்றுவதற்கு முன்னால் வேட்டித் துணியில் வடிகட்டித் தர வேண்டும். விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள். நான் நன்றாக வடிகட்டினால் மிஷின் ஓடும், நான் சுவருக்கு இந்தப் பக்கம். கொஞ்சம் அசட்டையாக இருந்தால் மிஷின் நிற்கும், நான் அவர் பக்கத்தில். ஒவ்வொரு நாளும் துணியில் படிந்த கசண்டைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பேன். இதில் ஒரு கரண்டி போதும். ஆனால் அந்த மிஷினை அவர் எதற்காகச் செய்தார் என்று எனக்குத் தெரியுமே. என் விரலுக்காகச் செய்தது. துணியை மடித்துப் போட்டு இரண்டாம் தரமும் வடிகட்டுவேன். எண்ணெய் கண்ணாடி போல வரும்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் மறுபடியும் சத்தம் நின்றது. மறுபடியும் அவர் வாசலில் வந்து நின்றார். "அடைச்சிகிச்சி" என்றார். மாமியார் என் பக்கம் திரும்பி, "இன்னாம்மே, ஒழுங்கா வடிகட்டலியா நீ?" என்றார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். இல்லம்மா, அவ நல்லாத்தான் வடிகட்டுவா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்ற சந்தோஷம்கூடத் தோன்றவில்லை. துணியை மடித்து மடித்து வடிகட்டினவள் நான், கெட்ட பேரும் எனக்கா?

விடுவிடுவென்று கொட்டகைக்குள் போனேன். மாஸ்டர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு முக்காலியும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணம், துணி சுற்றிய குச்சி எல்லாம் தயாராக இருந்தன. நான் உட்காரவில்லை. எங்கே அடைத்திருக்கிறது, பார்த்துவிடுகிறேன் என்று ஒரு டின்னை எடுத்துப் பலகையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன்.

புஸ்!

பூப்போல எண்ணெய் விழுந்தது. ஒரு அடைப்பும் இல்லை. அடுத்த டின்னுக்குக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தள்ளாத" என்றார் உதட்டுக்குள்ளேயே. "உள்ள கேக்கும்."

அதற்குள் உள்ளே கேட்டுவிட்டது. "இன்னாடா, சத்தம் வந்துச்சே. சரியாயிடுச்சா?" என்று மாமியார் குரல் கொடுத்தார்.

"இல்லம்மா, வெறும் காத்து" என்றார் அவர். என் கையை விடவில்லை. "இன்னிக்கு பூராவும் ஆவாது போலிருக்குது."

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு அந்த "இன்னிக்கு பூராவும்" மறுபடி வேண்டும்.