அம்மாவின் வாயில் ஊற்றிய பால்

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அம்மாவின் வாயில் ஸ்பூனால் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. செலியமேட்டு வீட்டு வாசலில் அதற்குள் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. இரண்டு நாள் முன்புவரை தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் திடீரென்று பேச்சு குழறியிருக்கிறது. அண்ணியைப் பார்த்து நீ யார் என்று கேட்டிருக்கிறாள். செத்துப் பல வருடமான அப்பா கதவோரம் நிற்கிறார், அவருக்குச் சோறு போடுங்கள் என்றிருக்கிறாள். போதாதா? அழைத்துப்போக வந்துவிட்டார் என்று சொந்தபந்தமெல்லாம் கூடி முடிவு கட்டிவிட்டது. சோறும் மாத்திரையும் நின்றுபோயின. ஆளுக்கு ஒரு வாய் பால் ஊற்றிவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். அம்மா நடுவில் தண்ணீர் கேட்டாளாம். அது யார் காதிலும் ஏறவில்லை.

தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. புடவையில் சிறுநீர் நாற்றம் அடித்தது. ஆட்டோவுக்குப் போன் செய்ததும் அண்ணன் வழியை மறித்துக்கொண்டான்.

“அப்பாவே வந்து நிக்கறாரு. நிம்மதியா போவ வுடாம, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போற?”

அவனைக் கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டேதான் சொன்னான். அழுதுகொண்டே ஒரு உயிரை வழியனுப்ப இவர்களால் முடிகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தள்ளிவிட்டு அம்மாவைத் தூக்கினேன்.

சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். வயதானவர்களுக்கு அது மூளையைக் குழப்பி இல்லாத ஆளையெல்லாம் காட்டுமாம், மருந்து ஏறினால் தெளிந்துவிடுவார்களாம். அப்படியேதான் ஆனது. கண் தெளிந்ததும் கோழிகளுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று கேட்டாள். வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வில்லியனூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“பால் ஊத்தும்போது எல்லாம் காதுல வுழுந்துச்சிடி. வாசல்ல சேர்கூட எறக்கிட்டாங்களாமே.”

அவள் தலையை வருடிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மழைக்காலத்தில் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவளின் பார்வை அடிக்கடி சுவர் மூலைக்குப் போய்த் திரும்பியது. என்ன பார்க்கிறாய் என்றேன். ஒன்றுமில்லை என்றாள், குரலில் தடுமாற்றமே இல்லை. நான் நம்பினேன். அந்த வாரமே நினைவு தப்பி விழுந்தாள். இந்த முறை அண்ணனே தூக்கிக்கொண்டு ஓடினான், எனக்கும் போன் செய்தான். தொற்று ரத்தத்தில் கலந்து நாளாகிவிட்டது என்றார்கள். சில நாட்களாகவே அத்தை தனியாக யாருடனோ முணுமுணுப்பார், காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்திக்கொள்வார் என்று அண்ணி அழுதாள்.

வார்டில் அம்மா ஒருமுறை கண் திறந்தாள். அப்பாவை மறுபடியும் பார்த்தாயா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று குனிந்து கேட்டேன். கதவோரம் அண்ணன் வந்து நிற்பதைப் பார்த்தவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான் யாரையும் பாக்கலன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லுடி,” என்றாள்.

அவன் கிட்டே வந்து அம்மா என்று கூப்பிட்டான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.