இருட்டறையில் தேனீக்கள்

குளிர்காலத்தில் தேனீக்கள் எங்கே போகும் என்று ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கேயும் போவதில்லை. பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோலத் திரண்டு, இறக்கையை விரிக்காமல் உடம்பை மட்டும் நடுக்கி, அந்தச் சூட்டில் வசந்தம் வரை உயிரோடு இருக்கும். இங்கே கனடாவில், மொன்றியலில் சிலர் பெட்டிகளுக்குத் தடித்த போர்வை சுற்றி வெளியிலேயே பனியில் விட்டுவிடுவார்கள். நான் வேலைக்குப் போன இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் ஓர் இருட்டறைக்குள் கொண்டுபோய் அடுக்கிவிடுவார்கள்.

அந்த அறை இல்-பிசார் தீவில், பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கு அப்பால், ஒரு வீட்டின் பின்புறம் இருந்தது. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு போட்டுவைக்கக் கட்டியது. பாதி மண்ணுக்குள் இறங்கிய கான்கிரீட் அறை, ஜன்னல் கிடையாது, கனத்த கதவு. வீட்டுக்காரி அறுபதைத் தாண்டிய கெபெக் பெண்மணி. நாங்கள் மதாம் என்றே கூப்பிட்டோம். நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எங்களோடு பேசிப் பழக்குவதற்காகச் சம்பளமில்லாமல் வாராவாரம் வந்தவர் அவர். என் கணவருக்கு புவாண்ட்-கிளேரில் ஐடி வேலை. ஊரில் ஆஸ்பத்திரி லேபில் இருந்த எனக்கு இங்கே ஒன்றும் அமையவில்லை. இலையுதிர் காலத்தில் தேனீ வேலைக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று மதாம் கேட்டார். போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல வருடம் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டியவர், முதுகு வலி வந்து அதை விட்டுவிட்டு மதாமின் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அண்ணா என்றேன். அவர் என்னைப் பிள்ளை என்றார். தேனீயைப் பற்றி அவருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொட்டினால் வீங்கும் என்பதால் எப்போதும் கையுறை இரண்டு போட்டிருப்பார்.

செப்டம்பர் முழுக்கத் தேனீக்களுக்குத் தீனியாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றினோம். தேனீக்களின் மேல் ஒட்டும் உண்ணிக்கு மருந்து வைத்தோம். பெட்டியைப் பின்பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்து, குளிர்காலத்தைத் தாண்டுகிற அளவுக்குத் தேன் இருக்கிறதா என்று மதாம் கனத்தை வைத்தே சொல்வார். நோஞ்சான் கூட்டங்களை அப்படியே விட்டால் ஜனவரிக்குள் செத்துவிடும். அவற்றை இன்னொரு கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டு ராணிகளில் ஒன்றைக் கொன்றுவிட வேண்டும்.

முதல் ராணியை மதாம் நசுக்கினார். இரண்டாவதை என்னிடம் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன். அவ்வளவுதான். ஆனால் ராணியின் வாசனை என் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அன்று மத்தியானம் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் தேனீக்கள் மேலே ஏறி வந்து அந்த இரண்டு விரல்களில் மட்டும் உட்கார்ந்தன. கொட்டவில்லை, நக்கின. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது என் கைப்பையிலிருந்து ஒரு தேனீ மெல்ல நடந்து வந்து கட்டைவிரலில் ஏறி அசையாமல் இருந்தது. இறங்கும்வரை நானும் கையை அசைக்கவில்லை.

இரண்டு கூட்டங்களைச் சேர்க்கும்போது நடுவில் ஒரு செய்தித்தாள் விரிப்பார்கள். மேலேயும் கீழேயும் இருக்கிற தேனீக்கள் தாளைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகிவிடும், சண்டை வராது. மதாமிடம் தாள் தீர்ந்துபோன அன்று, அண்ணா லாரியில் கிடந்த ஓர் இலவசத் தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தார். தமிழ்க் கடை வாசல்களில் கிடக்குமே, அது. நான் நடுப்பக்கத்தை உருவி ஒரு பெட்டியின் மேல் விரித்தேன். பக்கம் முழுக்க மரண அறிவித்தல்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், துயருறும் பிள்ளைகள்.

அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் வேண்டாம் பிள்ளை, வேறை எடுங்கோ” என்றார்.

அதற்குள் மதாம் மேல்பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டார். மறுவாரம் போனபோது அந்தப் பெட்டியின் வாசலுக்குக் கீழே புல்லில் காகிதத் தூள் குவிந்து கிடந்தது. ஒன்றிரண்டு துண்டுகளில் எழுத்துத் தெரிந்தது, ஒன்றில் ஒரு கண்ணும் மூக்கின் பாதியும். அண்ணா கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் நிஜமான குளிர் வந்த ஒரு காலையில் பெட்டிகளை உள்ளே எடுத்தோம். நான்கு நான்காக அடுக்கி, நடுவில் ஓர் ஆள் நடக்க வழி விட்டோம். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். தேனீக்குச் சிவப்பு தெரியாது. அதற்கு அது முழு இருட்டு. கதவைச் சாத்தியதும் முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக அந்தச் சத்தம் எழுந்தது. எந்தப் பெட்டியிலிருந்து என்று சொல்ல முடியாது. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வருவதுபோல, நம் பல்லிலிருந்துகூட வருவதுபோல இருந்தது. அண்ணா உடனே வெளியே போய்விட்டார். பெட்டி தூக்குகிற நேரம் தவிர அவர் உள்ளே நின்றதே இல்லை.

டிசம்பரில் மதாமுக்கு முழங்காலில் ஆபரேஷன். தேறும்வரை மகள் வீட்டில் இருக்கப் போனார். வாரம் ஒருமுறை வெப்பம் பார்ப்பதும், செத்து விழுந்த தேனீக்களைக் கூட்டி அள்ளுவதும் என் வேலை. வாசலில் பனி தள்ளுவது அண்ணாவுடையது. செத்தவை எப்போதும் இருக்கும், அது இயல்புதான். பூட்ஸுக்கடியில் பொரி மிதிபடுவதுபோல நொறுங்கும். அந்தச் சத்தம் எனக்குப் பழகவேயில்லை.

ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் உறைமழை பெய்தது. மரம், கம்பி, கார் என்று எல்லாவற்றின் மேலும் கண்ணாடி ஊற்றியதுபோலப் பனிக்கட்டி. மூன்றாம் நாள் வெயில் அடித்தது, பஸ் ஓடியது, போனேன். கதவைத் திறந்ததும் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. உள்ளே கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெளியே அந்தக் குளிரில் நடந்து வந்தவளுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிற சத்தமும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கூட்ட ஆரம்பித்தேன்.

பாதி கூட்டுவதற்குள் தலை கனத்தது. மூச்சு வாங்கியது. குனிந்து வேலை செய்வதால் என்று நினைத்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கும்போது அடுத்த அறையில் ஆட்கள் குரலைத் தணித்துப் பேசிக்கொண்டிருப்பார்களே, அதுபோலத்தான் ஆரம்பித்தது. சொற்கள் பிடிபடவில்லை, தமிழ் என்று மட்டும் தெரிந்தது. நிறைய பேர். யாரோ யாரையோ நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். ஒருவர் இருமினார். பாத்திரம் ஒன்றைத் தரையில் வைத்தார்கள். எனக்குப் பயமே வரவில்லை. இவ்வளவு பேர் பக்கத்திலேயே இருந்தும் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. இன்னும் ஒருத்திதானே வரணும், வந்ததும் கதவைச் சாத்திடலாம் என்றது. அது என்னைத்தான் என்று தெரிந்தது. இங்கேதான் இருக்கேன் என்று சொன்னேன். அவள் என்னவோ கேட்டாள், நான் பதில் சொன்னேன். என்ன கேட்டாள் என்பதோ நான் என்ன சொன்னேன் என்பதோ கொஞ்சமும் நினைவில்லை.

திடீரென்று வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அண்ணா என் இரண்டு தோள்களையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. விடுங்கள், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கத்தியதாக அவர் பிறகு சொன்னார். பனியில் முட்டிபோட்டு வாந்தி எடுத்தேன். தலை வெடித்துவிடும்போல வலித்தது. திறந்த கதவு வழியாகத் தேனீக்கள் வெளிச்சத்தைத் தேடி வந்து, பறந்த வேகத்திலேயே விறைத்துப் பனியில் விழுந்தன.

அண்ணா கட்டடத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். காற்று வெளியேறும் குழாயின் வாயை உறைமழை கல்லாக அடைத்திருந்தது. உள்ளே விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மண்வெட்டியால் இடித்து உடைத்தார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் சத்தம் இறங்கி, பழைய நிலைக்கு வந்தது. அதன்பிறகு லாரியில் ஹீட்டரைப் போட்டு என்னை உட்காரவைத்து, தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“நான் வந்து கன நேரம்,” என்றார். “நீங்கள் போனிலை கதைக்கிறீங்கள் எண்டு வெளியிலை நிண்டனான். குழப்பக் கூடாது எண்டு. பேந்துதான் யோசிச்சன், அதுக்குள்ளை போன் எடுக்காதெல்லோ.”

அது உண்மை. அந்தக் கான்கிரீட்டுக்குள் ஒருநாளும் சிக்னல் கிடைத்ததில்லை. நான் தனியாகத்தானே பேசினேன், அதை எப்படி போன் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மற்றப் பக்கமும் கேட்டது பிள்ளை. ஒரு பொம்பிளை. உங்கடை ஊர்த் தமிழ். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறீங்கள் எண்டு நினைச்சன்.”

என்ன சொன்னாள் என்று கேட்டேன். தனக்கு விளங்கவில்லை என்றார். கதவுக்குள்ளால் வந்த இரைச்சல் அப்படிக் கேட்டிருக்கும் என்றும் உடனே சொன்னார்.

அன்று சாயங்காலம் கணவர் எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டு விளக்கினார். அத்தனை பெட்டிகளும் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் அறையில் தேங்கியிருக்கிறது, கரியமில வாயு, மயக்கம் வரும், இல்லாதது கேட்கும், இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டாய் என்றார். காரணம் கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. வெளியே நல்ல காற்றில் நின்றவருக்கும் கேட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மதாம் போனில் அழுதுவிட்டார். காற்றைச் சோதித்து அலறுகிற கருவி ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார், குழாய்க்கு மூடி போடச் சொன்னார், இனிமேல் தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். வேலையை விட்டுவிடு என்றார் கணவர். ஆனால் கூட்டாமல் விட்டால் செத்தவை அழுகி மற்றதையும் கெடுக்கும். அடுத்த வாரமும் போனேன்.

கதவைத் திறந்துவைக்க முடியாது, தேனீக்கள் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே அண்ணா கதவுக்குள்பக்கம் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் வாசலில் நின்று ஓயாமல் பேசினார். மருமகனைப் பற்றி, துறைமுகத்தில் லாரியோடு வரிசையில் காத்துக்கிடந்த ராத்திரிகளைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. நடுநடுவே “பிள்ளை?” என்பார். “இருக்கேன் அண்ணா” என்பேன். அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்வரை பெட்டிகளின் சத்தம் வெறும் சத்தமாகவே இருந்தது. கருவியும் ஒருமுறைகூட அலறவில்லை.

மார்ச்சில் ஒரு நாள். நான் பின்சுவர் ஓரம் கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா ஏதோ கல்யாணத்துக்கு டொரொன்டோ போய்வந்த கதையில் இருந்தார். நிறுத்தி, “பிள்ளை?” என்றார். வாயைத் திறக்கப் போனேன், தொண்டையில் தூசி, இருமல் வந்துவிடும்போல இருந்ததால் ஒரு நொடி பேசாமல் நின்றேன். அவர் பதில் கிடைத்தவர்போல, “ஓம், அப்ப பாருங்கோவன்” என்று கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

விளக்குமாறை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் பதில் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டி, “இண்டைக்குக் காணும்” என்றார், போதும் என்ற அர்த்தத்தில். அந்தக் குளிர்காலத்தில் அதற்குப் பிறகு நாங்கள் கூட்டவில்லை.

ஏப்ரலில் மதாம் கைத்தடியோடு வந்துவிட்டார். பெட்டிகளை வெளியே எடுத்த அன்று வெயில் நன்றாக இருந்தது. ஐந்து மாதம் அடக்கி வைத்திருந்த கழிவை வெளியேற்றத் தேனீக்கள் மொத்தமாக மேலே கிளம்பின. மிச்சமிருந்த பனியெல்லாம் மஞ்சள் புள்ளி. கதவோரம் இருந்த வரிசை செத்திருந்தது, அன்று கதவு திறந்து கிடந்தபோது குளிர் அடித்ததால் இருக்கலாம். மற்றவை பெரும்பாலும் பிழைத்தன. மதாம் எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டார்.

போன இலையுதிர் காலத்தில் மறுபடி போனேன். அண்ணாவும் வந்தார், பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தார். ஆனால் வாசலில் நிற்க மாட்டேன் என்று மதாமிடம் சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. மதாமும் தோண்டிக் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு வாரமும் மதாம் நாற்காலி போட்டுப் போர்வைக்கு வெளியே உட்கார்ந்து தன் பேரப்பிள்ளைகளின் கதையைச் சொல்கிறார், நான் கூட்டிக்கொண்டே பிரெஞ்சில் பதில் சொல்கிறேன். என் பிரெஞ்சு நன்றாகத் தேறியிருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். அந்த அறைக்குள் நான் தமிழில் வாய் திறப்பதில்லை.