சாம்பிராணி போட்ட சாமுராய்க் கவசம்

நான் உண்மையிலை யோகாவுக்குத்தான் பேர் குடுக்கப் போனனான். கியூபெக்கிலை, கார்ட்டியர்வில் எண்ட இடத்திலை, எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு சமூக நிலையம் இருக்கு. அங்கை மேசையிலை இருந்த பெட்டை கணினியைத் தட்டிப் பாத்துப்போட்டு, "மன்னிக்கவேணும் மதாம், யோகா நிரம்பிப் போச்சு" எண்டாள். கண்ணாடிக் கதவாலை எட்டிப் பாத்தன். உள்ளுக்கை முழுக்க வெள்ளைக்காரச் சனம், கொக்கு மாதிரி ஒற்றைக் காலிலை நிக்குது. எங்கட ஆக்கள் கண்டுபிடிச்ச சாமானுக்கு எனக்கு இடமில்லையாம்! வந்த கோவத்திலை, "அப்ப எதிலைதான் இடமிருக்கு?" எண்டு கேட்டன். "கெண்டோவிலை இருக்கு" எண்டாள். என்ன ஏதெண்டு கேக்காமல் பேரைக் குடுத்துப்போட்டு வந்திட்டன்.

முதல் நாள் போனால், கறுநீலப் பாவாடை மாதிரி ஒண்டைக் கட்டின ஆம்பிளையள் மூங்கில் வாளாலை ஆளின்ரை தலையிலை ஆள் போடுகினம். ஒவ்வொரு அடிக்கும் கூரை பறக்கிற மாதிரிக் கத்துகினம். சாமுராய்மாரின்ரை வாள்சண்டையிலையிருந்து வந்த விளையாட்டாம். ஐம்பது வயசு கிட்டிற மனிசி அந்த இடத்திலையே திரும்பி ஓடியிருக்கவேணும். நான் ஓடேல்லை.

ஏனெண்டு சொல்லுறன். எனக்கு வேலை கார்டெரியிலை. குழந்தையளைப் பாக்கிற இடம். நாள் முழுக்க மூக்குத் துடைக்கிறதும், "டூஸ்மோ, டூஸ்மோ", மெதுவா, மெதுவா எண்டு தாழ்ந்த குரலிலை சொல்லுறதும்தான் என்ரை பிழைப்பு. ஒருத்தன் கையைக் கடிச்சாலும் சிரிச்சுக்கொண்டுதான் டூஸ்மோ. வீட்டை வந்தால், கீழ் வீட்டுக்காரிக்குக் கேக்கும், மெதுவா நட எண்டு இவர் சொல்லுவார். இவர் எண்டால் என்ரை மனிசன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து நான் மெதுவாத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறன். இஞ்சை பாத்தால், காசு கட்டினால் கத்தலாம் எண்டுகினம்! விடுவனோ?

வாத்தியார் ஒரு கியூபெக்காரன். சிவப்புத் தாடி, பகலிலை இன்சூரன்ஸ் கந்தோரிலை வேலை, சனிக்கிழமையிலை சாமுராய். வகுப்பிலை மருந்துக்கும் ஒரு யப்பான்காரர் இல்லை. கியூபெக்காரர் கியூபெக்காரருக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லிக்கொண்டு நிப்பினம், நடுவிலை யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி. அடிச்சு முடிச்சுக் களைச்சு இருக்கேக்கை அந்த மனிசன் பழைய கதையள் சொல்லும். சாமுராய் எண்டால் எப்பவும் வெட்டுக்கொத்து எண்டுதான் நான் நினைச்சிருந்தன். ஒரு காலத்திலை அப்பிடித்தானாம். பேந்து ரெண்டு நூற்றாண்டுக்கு மேலை யப்பானிலை பெரிசாச் சண்டையே இல்லையாம். சண்டையில்லாத வீரரை வைச்சு என்ன செய்யிறது? கந்தோரிலை இருத்திப்போட்டினம். இடுப்பிலை ரெண்டு வாள், கையிலை எழுதுற தூரிகை, சம்பளம் அரிசியிலை. களஞ்சியம் பாக்கிறது, வரி எழுதுறது, மேலதிகாரிக்குக் குனியிறது. சம்பளம் காணாதவை வீட்டிலை ஒளிச்சிருந்து குடை செய்து வித்தினமாம். ஆனால் வெளியிலை வரேக்கை நெஞ்சை நிமித்திக்கொண்டுதான் வருவினமாம்.

"அட, இது எங்கட அரசாங்க உத்தியோகத்தரெல்லே!" எண்டு நான் தமிழிலையே சொல்லிப்போட்டன். வாத்தியாருக்கு விளங்கேல்லை. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும், அரசாங்க வேலைதான் வேலை எண்டு சொல்லி வளத்த சனத்துக்குச் சாமுராயை விளங்கக் கனநேரம் எடுக்காது.

கடைசியிலை அரசாங்கமே, இனி ஒருத்தரும் வாளோடை தெருவிலை திரியக்கூடாது எண்டு சட்டம் போட்டிட்டுதாம். வாள் போச்சுது, பழக்கம் போகேல்லை. மண்டபத்துக்குள்ளை வரேக்கை குனியவேணும். நிலத்திலை கிடக்கிற மூங்கில் வாளைக் கடந்து கால் வைக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. புத்தகத்திலை கால் பட்டாலே தொட்டுக் கண்ணிலை ஒத்திற ஆக்கள் நாங்கள். எனக்கு ஏறாத பாடம் ஒண்டே ஒண்டுதான். அடிச்சாப் பிறகும் மனசு வாளிலையே நிக்கவேணுமாம். விழுந்தவன் செத்திட்டான் எண்டு நினைச்சுத் திரும்பினால், அவன் எழும்பி உன்னை வெட்டுவான். அதாலை அடி விழுந்த உடனை கவனத்தை விட்டால் புள்ளி இல்லை. கையை உயத்திச் சந்தோசப்பட்டாலும் குடுத்த புள்ளியைத் திருப்பி எடுத்துப்போடுவினம். எனக்கென்ன, மூண்டு வருசத்திலை ஒரு புள்ளியும் விழேல்லை. பறிகுடுக்க என்னட்டை என்ன கிடக்கு?

புள்ளி இல்லாட்டிலும் கவசம் இருந்துது. தலைக்கு ஒண்டு, முகத்துக்கு இரும்புக் கம்பி, நெஞ்சுக்கு ஒண்டு, கைக்குத் தடிச்ச உறை. அதின்ரை நாத்தம் இருக்கே, கடவுளே! வருசக்கணக்கா வேர்வை குடிச்ச பருத்தி. தோய்க்கவும் ஏலாது, நீலச் சாயம் கரைஞ்சு போகும். வைக்கவும் வேறை இடமில்லை. சாமிப் படம் இருக்கிற அலுமாரியின்ரை கீழ்த்தட்டிலைதான் வைச்சிருந்தன்.

"பிள்ளையார் மூக்கைப் பொத்துறார்" எண்டார் இவர். "அதுக்குத்தான் தும்பிக்கையைச் சுருட்டி வைச்சிருக்கிறார்."

இதைச் சொல்லுறது ஆர்? சீஸ் தொழிற்சாலையிலை வேலை செய்யிற மனிசன்! அவர் பின்னேரம் சப்பாத்தைக் கழட்டினால் நான் யன்னல் திறக்கிறனான், அது மாசி மாசமாயிருந்தாலும். அவருக்கு என்ரை கவசம் நாறுதாம்.

எண்டாலும் எனக்கும் ரோசம் இருக்குத்தானே. வாத்தியார் சொன்ன கதையொண்டு ஞாபகம் வந்துது. பழைய வீரர் ஒருத்தர் சண்டைக்குப் போக முதல் தன்ரை தலைக்கவசத்துக்குள்ளை வாசனைப் புகை பிடிச்சவராம். தலை வெட்டுப்பட்டு எதிரியின்ரை கைக்குப் போனாலும் மணக்கவேணும் எண்டு. என்ன வடிவான யோசினை! முழுகினாப் பிறகு தலைமயிருக்குச் சாம்பிராணி பிடிக்கிறம்தானே, கவசத்துக்குப் பிடிச்சால் என்ன? ஒரு சனிக்கிழமை காலமை தணல் மூட்டி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தலைக்கவசத்தைக் கவிட்டு வைச்சன். புகை நல்லா வரட்டும் எண்டு இன்னும் கொஞ்சம் போட்டன். பேந்து தேத்தண்ணி ஊத்தப் போனன்.

புகை மணி அடிச்சுது. எங்கட வீட்டிலை மட்டுமில்லை, கட்டிடம் முழுக்க. வெளியிலை உறைபனி. சனமெல்லாம் இரவு உடுப்போடை தெருவிலை நிக்குது. கீழ் வீட்டுக்காரி பூனையைக் கோட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு என்னை முறைக்கிறா. தீயணைப்புக்காரர் கோடாலியோடை மேலை ஏறிப்போக, இவர் எதிரை இறங்கி வந்தார், ரெண்டு கையிலையும் தலைக்கவசம், கம்பி வழியாப் புகை வந்துகொண்டிருக்கு. ஆரின்ரையோ வெட்டின தலையைக் கொண்டு வாற மாதிரி. "மதாம், இது என்ன?" எண்டு தீயணைப்புக்காரன் கேட்டான். "அவவின்ரை யோகா" எண்டார் இவர்.

அண்டைக்கு இவருக்குச் சன்னதம்தான். உள்ளுக்கை வந்து கதவைச் சாத்தினதும் தொடங்கினார்.

"இஞ்சாரும், மூண்டு வருசமா எல்லாரும் உம்மைத்தான் அடிக்கினம். நீர் ஆருக்கும் ஒரு அடி ஒழுங்கா அடிச்சனீரோ? வசந்தகாலத்திலை போட்டி வருகுதெண்டனீர். அதிலை ஒரு புள்ளி எடும். ஒண்டே ஒண்டு. எடுத்தால் உந்தக் கோதாரி இஞ்சையே கிடக்கட்டும். எடுக்காட்டி அது அண்டைக்கே வீட்டை விட்டு வெளியிலை போகவேணும்."

"ஓம்" எண்டன். வாய்க்கொழுப்பு. சொன்னாப் பிறகுதான் யோசிச்சன். அந்தக் கவசம் போனால் சனிக்கிழமையும் போகும். சனிக்கிழமை போனால் பேந்து கிழமை முழுக்க டூஸ்மோதான். அழுகை வந்துது, ஆனால் அழேல்லை. தலைக்கவசத்தை மணந்து பாத்தன். நாத்தம் போகேல்லை. சாம்பிராணியும் நாத்தமும் சேந்து கோயில் செருப்புக் கூட்டிலை நிக்கிற மாதிரி இருந்துது.

போட்டி நாள் இவரும் வந்தார். "நடுவருக்குக் கண் சரியோ எண்டு பாக்க ஒரு ஆள் வேணும்தானே" எண்டார். மண்டபத்திலை பாக்கிற சனம் கை தட்டலாம், சத்தம் போடக்கூடாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனன். இவர் ஒரு பெட்டி மட்டின் ரோல்ஸோடை முன்வரிசையிலை போய்க் குந்தினார்.

எனக்கு வந்த எதிராளி ஒரு பஸ் ஓட்டுற கியூபெக்காரி. என்னை விட ஒரு முழம் உயரம். முதுகிலை அவவுக்குச் சிவப்பு நாடா, எனக்கு வெள்ளை. மூண்டு நடுவர், கையிலை சிவப்பும் வெள்ளையுமாய்க் கொடியள். கன நேரத்துக்கு ரெண்டு பேரும் கத்தினதுதான், ஒண்டும் நடக்கேல்லை. பேந்து வாள்ப் பிடியும் வாள்ப் பிடியும் முட்ட, மூஞ்சைக் கம்பியும் மூஞ்சைக் கம்பியும் கிட்ட வந்து நிண்டம். அவவின்ரை மூக்கு சுருங்கிறதைக் கண்டன். கண் கலங்கினது. சாம்பிராணி! அவ மூச்சை அடக்கிப் பாத்தா, ஏலேல்லை, பெரிய தும்மல் ஒண்டு. வாள் கொஞ்சம் கீழை பதிஞ்சுது. மூண்டு வருசக் கத்தல் எல்லாத்தையும் சேத்துக் கத்திக்கொண்டு போட்டன் ஒரு அடி, உச்சந்தலையிலை. மண்டபமே அதிர்ந்துது. வெள்ளைக் கொடி மூண்டும் மேலை போச்சுது.

ஐயோ, அந்தக் கொடியளை நான் காணேல்லை. ஏனெண்டால் அடிச்ச வேகத்திலை என்ரை கால் அவவின்ரை காலிலை ஏறிப்போச்சுது. வெறுங்கால், வெறுங்கால். பிறகு நடந்தது நான் செய்ததில்லை, என்ரை கை செய்தது. வாளை விட்டிட்டுக் குனிஞ்சன். அவவின்ரை காலைத் தொட்டன். தொட்ட கையை என்ரை கண்ணிலை ஒத்தினன். கை உறை போய் முகக் கம்பியிலை டங்கெண்டு அடிச்சுது.

நடுவர் மூண்டு பேரும் நடுவிலை கூடி நிண்டு குசுகுசுத்திச்சினம். பேந்து பெரியவர் கொடி ரெண்டையும் கீழை பிடிச்சு, குறுக்கும் மறுக்குமா ஆட்டினார். புள்ளி இல்லை. அடிச்சாப் பிறகு மனசு வாளிலை நிக்கேல்லை. மனசு எங்கை வாளிலை நிண்டுது, வாளே நிலத்திலை கிடந்துதே!

அப்பதான் முன்வரிசையிலை இவர் எழும்பினார்.

"அது எப்பிடி? அடி விழுந்ததுதானே! காலிலை பட்டால் தொட்டுக் கும்பிடாமல் போறதுக்கு நாங்கள் என்ன மாடோ? அது மரியாதை ஐயா, மரியாதை!" முழுக்கத் தமிழிலை. கையிலை பாதி கடிச்ச ரோல்ஸ். வாத்தியார் ஓடிவந்து குனிஞ்சு குனிஞ்சு அவரை இருத்தினார்.

பேந்து தொடங்கின ஆட்டத்திலை அவ புள்ளி எடுக்க, நான் தோத்துப்போனன். போட்டி முடிஞ்சு பஸ்காரி நொண்டிக்கொண்டு வந்து கட்டிப்பிடிச்சா. கால்விரல் முறிஞ்சு போச்சோ எண்டுதான் நான் தொட்டுப் பாத்தனான் எண்டு நினைச்சிருக்கிறா. "மெர்சி, மெர்சி" எண்டு நன்றி சொல்லிப்போட்டுத் திரும்பவும் தும்மினா.

சொன்ன சொல் சொல்லுத்தானே. வீட்டை வந்த உடனை அலுமாரியைத் துடைச்சுப்போட்டு, கவசம் கிடந்த பையை இழுத்துக்கொண்டு வந்து வாசலடியிலை வைச்சன். குசினிக்குள்ளை போய்ச் சும்மா பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிண்டன்.

"உந்தப் பையை ஏன் வாசலிலை வைச்சிருக்கிறீர்?" எண்டு இவர் கேட்டார்.

"புள்ளி எடுக்கேல்லைத்தானே. போகட்டும்."

"ஆர் சொன்னது எடுக்கேல்லையெண்டு? நான் ரெண்டு கண்ணாலையும் பாத்தனான். அந்த மூண்டு பேருக்கும் மரியாதை எண்டால் என்னெண்டு தெரியாது. அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

சொல்லிக்கொண்டு பையைத் தூக்க வந்தார். அவசரம் வேறை. கால் போய்ப் பையிலை இடிச்சுது. நான் குசினி வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். கோதாரி எண்டு திட்டப்போறார் எண்டுதான் நினைச்சன். மனிசன் குனிஞ்சார். பையைத் தொட்டார். தொட்ட கையைக் கண்ணிலை ஒத்தினார்.

ஒத்தின கை மூக்குக்குக் கிட்டத்தானே வரும்.

"சீ, என்ன நாத்தமடா கடவுளே!" எண்டு கத்தினார், கீழ் வீட்டுக்காரிக்குக் கேக்கிற மாதிரி. பேந்து பையைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளையாருக்குக் கீழை வைச்சிட்டு வந்து கை கழுவினார்.