வாலுக்கு வைத்த பொட்டுகள்

எங்கள் ஊர் ஆஞ்சநேயரின் முகத்தை, டவுனிலிருந்து வருகிற எவரும் பஸ்ஸுக்குள் இருந்தபடியே பார்த்துக் கும்பிடலாம். தென்னைகளுக்கு மேலே தலை தெரியும். கோயிலின் பின்மதிலோடு வீடுள்ள என் அக்காவுக்கு மட்டும் முதுகும் வாலும்தான். அதற்கு நானும் ஒரு காரணம்.

அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது சிலைக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, நீயும் கோயில் சபையிலை இருக்கிறாய்தானே. முகத்தை இஞ்சாலைப் பக்கம் வைக்கச் சொல்லன். கட்டில்லை கிடந்தபடியே கும்பிடுவன்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

தெற்கும் பொருந்தும், வடக்கும் பொருந்தும், நீங்களே முடிவெடுங்கள் என்று ஸ்தபதியார் சொல்லிவிட்டார். தெற்கே டவுனைப் பார்த்து நின்றால்தான் எடுப்பு என்றது சபை. வடக்கே இருப்பது அக்காவின் யன்னல். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால், 'உவர் தன்ரை வீட்டுக்காகக் கதைக்கிறார்' என்பார்களே என்ற வெட்கம். கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன், அதுவும் முந்திக்கொண்டு. அன்று அக்காவிடம் போய், "எவ்வளவோ கதைச்சுப் பாத்தன் அக்கா. சாஸ்திரப்படி தெற்குத்தானாம்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்ப என்ன செய்யிறது? வாலும் அவற்ரைதானே" என்றார் அக்கா.

ஆஞ்சநேயர் படத்தில் வாலின் அடியில் தொடங்கி, நாளுக்கொரு பொட்டாக நாற்பத்தெட்டு நாள் வைத்து நுனியில் முடிப்பது ஒரு நேர்த்திக்கடன். சிலை எழும்பியதும் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். படம் வேண்டாமாம். யன்னல் கண்ணாடியில் தெரிகிற வாலே போதுமாம். அவருக்குக் கை எட்டாது, ஆகவே பொட்டு வைப்பது என் வேலையாயிற்று.

காலையில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு யன்னலடியில் நிற்பேன். என் கண்ணுக்கு வால் வேறெங்கோ தெரியும். "கொஞ்சம் மேலை. இடப்பக்கம். ஆ, அதிலை" என்று அக்கா சொல்லச்சொல்ல வைப்பேன். கண்ணாடி முழுக்க ஏதோ கிறுக்கியதுபோல் இருந்தது. ஒருநாள் பகிடிக்கு அவருடைய தலையணையில் தலை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட விலகாமல் எல்லாம் வால்மேல் வரிசையாக ஏறியிருந்தன. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன்.

கடைசி நாள் நுனிப் பொட்டு. "ஆருக்காக அக்கா இந்த நேர்த்தி?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான். அண்டைக்குச் சபையாலை வரேக்கை உன்ரை முகம் கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்காகத் தனிச்சு நிண்டு எத்தினை பேரோடை கொழுவினியோ! உந்த மனசுக்கு ஒரு குறையும் வரப்படாது."

உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேலை, தம்பி" என்றார்.

வைத்தேன்.