ரெண்டு வேளைக்குக் குடுங்க

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என் வயதில் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ரிப்போர்ட் என்னுடையதல்ல. மனைவியின் தம்பி செல்வத்துடையது. அலங்காநல்லூர் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். சர்க்கரை உண்டு. வலது காலில் சின்னதாக வந்த புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கால் வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழ் எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று டெஸ்ட் பண்ணினார்கள்.

ரிப்போர்ட்டில் வரிசையாக மருந்துப் பெயர்கள். எதிரே ஆர், ஆர், ஆர்... கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எஸ். ஆர் என்றால் ரைட் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, இம்புட்டு மருந்து கேக்குமாம். ஒண்ணே ஒண்ணுதான் ஆகாதாம்" என்று தைரியம் சொன்னேன். அவனும் நிம்மதியாக நாலு இட்லி சாப்பிட்டான்.

டாக்டரம்மா வந்து திருத்தினார். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். அந்த மருந்தைக் கிருமி மதிக்காது. எஸ் போட்டிருப்பதுதான் கேட்கும்.

"ஒண்ணுதான் சார் மிச்சமிருக்கு. அதுவும் கேக்கலைன்னா காலை எடுக்கணும்."

செல்வம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? வாங்கிக் கொடுத்தது நான்தான். நம்மூர் மெடிக்கலில் இதற்கென்று ஒரு மந்திரம் இருக்கிறது - ரெண்டு வேளைக்குக் குடுங்க. சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். மாத்திரை அட்டையைப் பெயர் தெரியாதபடி கத்தரித்து, சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடலாம். மறுபடி வலித்தால் மறுபடி ரெண்டு வேளை. செல்வத்தின் புண்ணுக்கு இப்படி நாலு தடவை. "சும்மா ஒரு பாதுகாப்புக்கு, போடு மாப்ள" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

பிறகு தொழிலைப் பற்றி விசாரித்தார். கோழிக்கு மருந்து உண்டா? உண்டு. நோய் இல்லாவிட்டாலும் குடிதண்ணீரில் கலந்துவிடுவானாம். ஷெட் கழுவுகிற தண்ணீர்? பக்கத்து வாய்க்காலுக்குப் போகிறது. அதில் இறங்கிச் செருப்பில்லாமல் நடக்கிறவன் இவன். டாக்டரம்மா திட்டவில்லை. கோழியானாலும் மனுஷனானாலும் தேவையில்லாமலோ அரைகுறையாகவோ மருந்து போனால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று மட்டும் சொல்லி, எழுதிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வராந்தாவில் ஒரு போஸ்டர். மனிதன், மாடு, ஆறு - மூன்றையும் சுற்றி ஒரு வட்டம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்க தேசிய அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். காத்திருந்த நேரத்தில் நாலைந்து தடவை படித்தேன். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். சுகாதாரம், கால்நடை, சுற்றுச்சூழல் எல்லாத் துறையும் சேர்ந்து உட்கார வேண்டுமாம். எங்கள் தெருவில் ரோடு போடுகிற துறையும் குழாய் பதிக்கிற துறையும் சேர்ந்து உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. போட்ட மறுவாரம்தான் தோண்ட வருவார்கள்...

கிருமிக்கு அந்தத் தொல்லை இல்லை. கோழி, வாய்க்கால், செல்வத்தின் கால் என்று எல்லாத் துறைக்கும் அதுபாட்டுக்குப் போய்வருகிறது. யார் கையெழுத்தும் அதற்குத் தேவையில்லை.

பத்து நாள் ஊசி. அந்த ஒற்றை எஸ் எப்படியோ கேட்டுவிட்டது. கால் தப்பித்தது, சுண்டுவிரல் மட்டும் போனது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நான்தான் பாதி ஆளாகிவிட்டேன்.

நேற்று டிஸ்சார்ஜ். ஆட்டோவில் ஏறியதும் செல்வம் தன் மனைவிக்குப் போன் போட்டான். "புதுக் குஞ்சுக்கெல்லாம் தண்ணியில மருந்து கலந்தாச்சா?"

நான் முறைத்தேன்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் மச்சான்" என்றான்.

நன்றாகத் திட்ட வாயெடுத்தேன். குரல் வரவில்லை, இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது.

சட்டைப்பையில், காலையில் மெடிக்கலில் வாங்கிய சின்னக் கவர் இருந்தது - ரெண்டு வேளைக்கு.