வீதியோரத்துக் கங்காரு

ஓரம் கட்டிய காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிக்குமே, அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. அண்ணா கடைசியாக என்னோடு கதைத்தபோது அவருடைய தொலைபேசி ஆஸ்திரேலியாவில் ஒரு வீதியோரம், கார் இருக்கையில் கிடந்தது. நான் சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸ் பகுதி வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னேரம், அவருக்கு விடியல்.

போர் முடிந்த பிறகு அவர் கடல் வழியாக அங்கே போனார், நான் இங்கே வந்தேன். தோட்ட வேலைக்குப் போகும் வழியில்தான் அழைப்பார். கதையெல்லாம் கங்காருதான். நான் அதிகம் படிக்காதவள், இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பிறக்கும்போது குட்டி அவரை விதை அளவுதானாம். கண் திறக்காது. தாய் தூக்கிவிடாது. அதுவாகவே தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய் முலையைக் கவ்வும். கவ்வியதும் முலை வாய்க்குள் வீங்கிவிடும், இழுத்தாலும் வராது. வெளியே துள்ளித் திரியும் மூத்ததுக்கு ஒரு முலையில் ஒருவிதப் பால், உள்ளே கிடக்கும் சின்னதுக்கு இன்னொரு முலையில் வேறு பால்.

“அதுக்குப் பின்னுக்குப் போகத் தெரியாதடி, உன்னை மாதிரி.”

“உங்களுக்கு ஒரு இடத்திலை நிக்கத் தெரியாது. நீங்களும் கங்காருதான்.”

பகலில் மர நிழலில் படுத்திருக்குமாம். பொழுதுபட்டும் விடியப்புறமும் புல்லுக்காக வீதிக்கு வரும். வெளிச்சம் பட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. அடிபட்டுக் கிடந்தால் அங்குள்ளவர்கள் இறங்கிப் பையைப் பார்ப்பார்களாம். தாய் செத்தாலும் உள்ளே குட்டிக்கு உயிர் இருக்கலாம்.

“பொறடி, ஒண்டு அடிபட்டுக் கிடக்கு. பையைப் பாத்திட்டு வாறன்” என்றார் அன்று.

“வேலைக்குப் பிந்தப் போகுது, விடுங்கோ அண்ணா.”

“உள்ளுக்கை குட்டி இருந்தால்?”

கதவு சாத்தும் சத்தம். டிக் டிக். பிறகு தூரத்தில், “இருக்கடி!” என்று கத்தினார். சிரித்தார். ஒரு லொறியின் இரைச்சல் வந்தது. அடிபடும் சத்தம். அதன் பிறகும் டிக் டிக்.

அது எந்த ஊர், எந்த வீதி என்று எனக்குத் தெரியாது. அங்கே அவசரத்துக்கு எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் தெரியாது. யாரையாவது கேட்பதென்றால் அண்ணாவின் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். முடியவில்லை. “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் யாரோ தொலைபேசியை எடுத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு ஆங்கிலம் வராது. அழத்தான் முடிந்தது.

என்னிடம் இருப்பது எஃப் அனுமதி, தற்காலிகமாக இங்கே இருக்க விடுவது. நினைத்தவுடன் நாட்டை விட்டுப் போக முடியாது. வெளியே போக இங்கேயும், உள்ளே வர அங்கேயும் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதில் வருமுன்னே அண்ணாவை எரித்துவிட்டார்கள். அதையும் தொலைபேசியில்தான் பார்த்தேன்.

குட்டி பிழைத்துவிட்டது. அண்ணாவின் ஜாக்கெட்டுக்குள் இருந்ததாம். இப்படியான குட்டிகளை வளர்க்கும் ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தார்கள். போன கிழமை, அண்ணாவோடு ஒரே அறையில் இருந்த நண்பர் அழைத்தார்.

“தங்கச்சி, அது நல்லா வளந்திட்டுது. காட்டிலை விடப் போகினமாம்.”

“பக்கத்திலை வீதி இருக்கோ?”

“வீதி இல்லாத இடம் எங்கை இருக்கு, தங்கச்சி?”

“வெளிச்சத்தைக் கண்டால் பாயாதை எண்டு அதுக்கு ஆரும் சொல்லிக் குடுத்தவையோ?”

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் தொலைபேசியை வைக்கவில்லை.