பனியில் கருகாத மாம்பூ

“…பனியில கருகிப் போச்சு தம்பி. அத வச்சிருந்து என்ன செய்ய? நான்தான் அம்புட்டையும் கிள்ளிப் போட்டேன்” என்று செல்லத்தாய் அத்தை தன் கொழுந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் அவர்கள் வீட்டுப் பின்வாசலில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் என் விரல்களில் மாம்பூ வாசம் போகவில்லை. இலேசான புளிப்பும் தேனும் கலந்த அந்த வாசத்தோடு, காம்பிலிருந்து வடிந்த பால் காய்ந்து நகக்கண் எல்லாம் கறுப்பாகக் கறை பிடித்திருந்தது. அத்தை சொன்னது பொய். பூவைக் கருக்கும் பனி அந்த வாரம் இறங்கவே இல்லை. கிள்ளியதும் அவள் இல்லை, நான்.

எனக்கு அப்போது பத்து வயது, தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் போகும் ரோட்டில் ஒரு நர்சரியில் என் அப்பா மாங்கன்று ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். மாசி பிறந்துவிட்டால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒட்டுக்கன்றுகள், பால் குடி மறக்காத பிள்ளை மீசை வரைந்துகொண்டது போல, தொட்டியிலேயே பூத்து நிற்கும். அந்தப் பூவை விட்டுவைக்கக் கூடாது. “இப்ப காய்ச்சதுன்னா இதோட சரி, வளராது. கிள்ளிவிட்டாத்தான் தூர் பெருக்கும்” என்பார் அப்பா. பள்ளிக்கூடம் விட்டதும் நர்சரிக்குப் போய்ப் பூக்கிள்ளுவது என் வேலை. நகத்தை எப்படி வைக்க வேண்டும், பக்கத்துக் கொழுந்து சேதமாகாமல் எங்கே ஒடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. “ஏட்டி, உன் கை பட்டா செடி தழையுது” என்று அப்பா ஒரு நாள் சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சு என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெருவில் எந்தச் செடியைப் பார்த்தாலும் நான் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தேன்.

செல்லத்தாய் அத்தை எங்களுக்கு அடுத்த வீடு. நூல் மில்லில் ஷிப்ட் வேலை. தலைமுடியில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். “எனக்கு நரைச்சா ஊருக்கே தெரியாது பாத்துக்கோ” என்று சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவளும் மாமாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போய், கடையில் ஒரு மாம்பழத்தை வாங்கி ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு, கொட்டையை மாமா சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் ஊன்றினாராம். மரம் கூரைக்கு மேல் வளர்ந்தது. மாமாதான் பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு வருசமாகியும் மரம் பூக்கவில்லை. யாராவது கேலி செய்தால், “சங்கு ஊதுன ஒடன ஓடி வாறதுக்கு அது என்ன மில்லுக்காரியா? அதுக்குத் தோணும்போது பூக்கும்” என்பாள் அத்தை.

கொல்லை அத்தை வீட்டுக்கும், மறுபக்கம் இருந்த அவள் கொழுந்தன் வீட்டுக்கும் பொது. கொழுந்தனுக்கு அந்த இடத்தில் ஷெட் போட ஆசை. “தளவாய்புரத்துல போயிப் பாருங்க மதினி, வீட்டுக்கு வீடு நைட்டி தச்சுத் தள்ளுதான். நாலு மிஷின் போட்டா நம்மளும் பொழச்சுக்கிடலாம். இந்த மலட்டு மரத்தக் கட்டிக்கிட்டு அழுதியளே” என்று சண்டை பிடிப்பார். அந்த மாசியில், யாரும் எதிர்பாராமல், மரம் பூத்துவிட்டது. அவ்வளவு பெரிய மரத்தில் தெருப்பக்கத்துக் கிளையில் மட்டும் பதினைந்து இருபது கொத்து, அதுவும் எட்டிப் பறிக்கிற உயரத்தில். அத்தை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். கொழுந்தனும் இறங்கி வந்தார். “பூத்தா ஆச்சா? காய்க்கணும்லா. சித்திரையில ஒத்தக் காய் என் கையில குடுங்க, நான் மிஷின வேற எங்கனயாவது போட்டுக்கிடுதேன். இல்லேன்னா வெட்டிருவேன், பொறவு அழக்கூடாது” என்றார். அத்தை சரி என்று தலையாட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தை மில்லுக்குப் போயிருந்தபோது, மரம் நிறையக் காய்க்கட்டும் என்று நினைத்து, முக்காலி போட்டு ஏறி ஒரு கொத்து விடாமல் கிள்ளினேன். கிள்ளினால் பெருகும் என்பதுதானே நான் படித்த படிப்பு. பாவாடையில் கட்டிக்கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, சாயங்காலம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். சோற்றில் இருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“அடிப் பாவி, அது கொட்டை போட்டு வந்த மரம்லாட்டி. எட்டு வருசமா வேரு புடிச்சு, இப்பத்தான் துணிஞ்சு பூத்திருக்கு. அதுக்கு நீ என்னத்தட்டி வலு ஏத்தப் போற?” என்றார். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும், அடிக்கவில்லை. “விடிஞ்சதும் நீயே போயிச் சொல்லணும். நான் வரமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

அப்படித்தான் மறுநாள் காலையில் நான் அந்தப் பின்வாசலுக்குப் போனேன். எனக்கு முன்பே கொழுந்தன் மரத்தடியில் நின்று, ஒடிந்த காம்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “மதினி, இது எவனோ கை வச்சிருக்கான். யாருன்னு சொல்லுங்க. அடுத்த வருசம் வரைக்கும் மரத்துல கை வைக்கமாட்டேன், ஆனா அவன் காலை ஒடிக்காம விடமாட்டேன்” என்று கத்தினார். சொன்னதைச் செய்கிற ஆள். பிள்ளை என்றும் பார்க்கமாட்டார்.

நான் வாயைத் திறந்தால் மரம் ஒரு வருசம் பிழைக்கும். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. பத்து வயதில் புரியாது என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனாலும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு வருசம் கழித்து, நான் காலேஜில் படித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அத்தையைப் பார்த்தேன். மில் வேலையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டோடு இருப்பதாகச் சொன்னாள். தலை உண்மையாகவே நரைத்திருந்தது. “அப்பாவுக்குச் சொகமாட்டி?” என்று என் கன்னத்தைத் தடவினாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். “பஸ் வந்துட்டு அத்தை” என்று முன்னால் நின்ற வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தே திரும்பினேன். நான் போக வேண்டியது ராஜபாளையத்துக்கு.

அவள் இப்போது இல்லை. ஷெட்டும் இல்லை, அந்தக் கொல்லையில் மாடி வீடு எழும்பிவிட்டது, மரம் நின்ற இடத்தில் இரண்டு பைக் நிற்கின்றன. வருசா வருசம் மாசி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. தோப்பு வழியே போகும் பஸ்ஸின் ஜன்னலில் மாம்பூ வாசம் அடிக்கும்போது, பக்கத்து சீட்டுக்காரர்கள் மூச்சை இழுத்து விட, நான் என்னை அறியாமல் விரல்களை மடக்கிக்கொள்கிறேன். எந்தப் பூவைக் கிள்ள வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை அப்பாவிடம் அப்புறம் சரியாகவே கற்றுக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கும் ஒரு பருவம் உண்டு, அது தப்பினால் அடுத்த மாசியில் திரும்பப் பூக்காது என்பதை மட்டும் பிந்தித்தான் கற்றேன்.

அன்று காலையில் அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் எட்டி, என் விரல்களைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அந்தப் பனிக் கதையைக் கொழுந்தனிடம் சொன்னாள். “அப்பச் சரி, பேசுன பேச்சு பேச்சுதான்” என்று அவர் அரிவாள் எடுக்க உள்ளே திரும்பினார். அத்தை மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து, கறை பிடித்த என் கை இரண்டையும் தன் முந்தானைக்குள் வைத்துப் பொதிந்து, அவர் திரும்பி வருவதற்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.